சுடுகிற நாயகனும் தேரா மன்னனும்: கேள்வி பதில்

குற்றக் கதைகளைப் பல வருடங்களாகப் படித்தும் எழுதியும் வருகிறேன். தீர்ப்பைத் தாங்களே எழுதிக்கொள்ளும் போலீஸ் நாயகர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

வில்லனைப் போலீஸ் சுட்டதும் கை தட்டிவிடுகிறேன். அப்புறம் மனசு உறுத்துகிறது. தட்டியது தப்பா சார்?

தப்பில்லை. செத்துப்போன பெண்ணுக்காக யாரோ ஒருத்தர் எழுந்து நின்றாரே என்றுதான் தட்டினீர்கள். அந்த ஆத்திரம் நல்ல ஆத்திரம். ஆனால் அவன்தான் குற்றவாளி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவன் கத்தியை எடுத்ததைக் கண்ணால் பார்த்தீர்கள். முதல் அரை மணி நேரத்திலேயே இயக்குநர் விசாரணையை முடித்து, உங்களையே சாட்சியாக்கிவிட்டார். நாயகனின் உறுதி கேமரா கொடுத்த கடன். நிஜத்தில் துப்பாக்கி பிடிப்பவரிடம் இருப்பது ஒரு தகவலும் ஒரு சந்தேகமும்தான்.

'டர்ட்டி ஹாரி' படத்தை ஏன் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள்?

1971-ல் வந்த அந்த அமெரிக்கப் படத்தில், கடத்தப்பட்ட சிறுமி எங்கே என்று கேட்டு, அடிபட்டுக் கிடக்கும் குற்றவாளியின் காயம்பட்ட காலைப் போலீஸ் நாயகன் ஹாரி மிதிக்கிறார். அவன் அலறும்போது கேமரா மெல்ல மேலே எழுந்து, மைதானத்தை விட்டு விலகி, பனிமூட்டத்துக்குள் போய்விடுகிறது. நம்மையும் கூட்டிக்கொண்டு போகிறது. இடம் தெரிந்துவிடுகிறது. சிறுமியோ ஏற்கெனவே இறந்துபோயிருக்கிறாள். சட்டத்தை மீறிச் சேர்த்த சாட்சியம் செல்லாது என்று அவனும் வெளியே வந்துவிடுகிறான். பார்ப்பவர்களின் கோபம் முழுக்கச் சட்டத்தின் மேல் திரும்புகிறது. அந்த மிதி யாரையும் காப்பாற்றவில்லை என்பது மறந்தே போகிறது. நல்ல முடிவுக்காகக் கெட்ட வழியில் இறங்கலாமா என்ற போலீஸ் சிக்கலுக்கு, 1980-ல் கார்ல் க்ளாகர்ஸ் என்ற அறிஞர் இந்தப் படத்தின் பெயரையே வைத்தார்.

கதைதானே, அதைப் பார்த்து யார் கெட்டுப்போகப் போகிறார்கள்?

2006-ல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியைச் சேர்ந்த ஒரு தளபதி '24' என்ற தொலைக்காட்சித் தொடரின் தயாரிப்பாளர்களை நேரில் பார்த்து, சித்திரவதைக் காட்சிகளைக் குறைக்கச் சொன்னார். அவர் மாணவர்கள் அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொடியவரைக் கொல்வது பயிருக்குக் களை எடுப்பது போல என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே?

சொல்லியிருக்கிறார், 550-வது குறள். ஆனால் அதே செங்கோன்மை அதிகாரம் 541-ல் 'ஓர்ந்து', அதாவது ஆராய்ந்து, என்றுதான் ஆரம்பிக்கிறது. அந்தக் குறள் 'தேர்ந்துசெய்வஃதே முறை', தெளிந்து செய்வதே நீதி, என்று முடிகிறது. களை எது, பயிர் எது என்று பார்த்த பிறகுதான் கை வைக்கலாம்.

பார்க்காமல் கை வைத்த கதையும் நம்மிடம் இருக்கிறது, சிலப்பதிகாரம். ஊடிய தேவியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில் பாண்டியன், தேவியின் சிலம்பு திருடன் கையில் இருந்தால் அவனைக் கொன்றுவிட்டு அதைக் கொண்டுவாருங்கள் என்று காவலர்களிடம் சொல்கிறான். பிடிக்கப் போன காவலர்களுக்கே கோவலன் முகத்தைப் பார்த்ததும் சந்தேகம். இவன் கொல்லப்பட வேண்டியவன் இல்லை என்கிறார்கள். கோவலன்மேல் பழி சுமத்திய பொற்கொல்லன் விடாமல் பேசுகிறான். கடைசியில் கல்லாத ஒருவன் வாளை வீசுகிறான். கோவலன் வாயிலிருந்து ஒரு வார்த்தையை யாரும் கேட்கவில்லை. கண்ணகி அவையில் 'தேரா மன்னா', ஆராயாத மன்னனே, என்று அழைத்தபோது, வள்ளுவர் சொன்ன அந்த 'தேர்ந்து' இல்லாமல் போனதைத்தான் சொன்னாள்.

மதுரையை எரித்த கண்ணகி மட்டும் சட்டத்தைக் கையில் எடுக்கவில்லையா ஐயா?

நியாயமான கேள்வி. அவள் முதலில் அவைக்கு வந்தாள், சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைச் சாட்சியாகக் காட்டினாள், அரசனே குற்றத்தை ஒப்புக்கொண்டான். அதுவரை அவள் செய்தது வழக்காடல். அதன்பின் வந்த தீயை, முதியவரையும் குழந்தைகளையும் விட்டுவிடு என்று அவள் சொல்லியும்கூட, என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

வழக்கு வருடக்கணக்கில் இழுத்தால் பாதிக்கப்பட்ட குடும்பம் என்னதான் செய்யும்?

அந்தக் காத்திருப்பின் வலியைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் சுட்டவுடன் வழக்கும் செத்துவிடுகிறது. யார் ஏவினார்கள், யார் உடன் இருந்தார்கள் என்பதெல்லாம் அவனோடு போய்விடும். ஆள் மாறியிருந்தால் உண்மைக் குற்றவாளியை இனி யாரும் தேடவே மாட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கு வேண்டியது வேகமான நீதிமன்றம். அதைக் கேட்டு நாம் கத்த வேண்டும்.

இப்படி ஒரு போலீஸை வைத்துச் சிறுகதை எழுதுகிறேன். ஒரு யோசனை சொல்லுங்களேன்?

குற்றம் நடப்பதை வாசகருக்குக் காட்டாதீர்கள். உங்கள் போலீஸுக்குத் தெரிந்தது மட்டும் அவருக்கும் தெரியட்டும். சுட்ட பிறகு, செத்தவனின் அம்மா ஸ்டேஷனுக்கு வந்து பெஞ்சில் உட்காரட்டும்.