காது மெஷின் பேட்டரி அரை நாளில் தீர்ந்தால்

அப்பாவின் காது மெஷினில் புது பேட்டரி போட்டும் அரை நாளில் தீர்ந்துவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். மெஷின் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், பேட்டரிதான் தப்பு. அந்த மெஷினுக்கு 312 என்ற எண் உள்ள பேட்டரி வேண்டும் என்கிறீர்கள். குன்னூர் கடிகாரக் கடையில் கொடுத்தது எல்ஆர்41 என்ற சாதாரண பட்டன் பேட்டரி. இரண்டும் ஒரே அளவு, 7.9 மி.மீ. அகலம், 3.6 மி.மீ. தடிமன். அதனால் உள்ளே கச்சிதமாக உட்காரும், கொஞ்ச நேரம் ஓடவும் செய்யும். ஆனால் 312 துத்தநாகக் காற்று பேட்டரி. வெளிக்காற்றை எடுத்து வேலை செய்வதால் பல மடங்கு மின்சாரம் அதில் அடங்கும்.

பழைய பேட்டரியின் தட்டையான பக்கத்தைப் பாருங்கள். ஊசிமுனை அளவு துளைகள் இருக்கிறதா? இல்லையென்றால் அது காது மெஷினுக்கானதே இல்லை.

புது பேட்டரியில் இந்தத் துளைகளை ஒரு ஸ்டிக்கர் மூடியிருக்கும். கடையில் "பழுப்பு ஸ்டிக்கர் 312" என்று கேளுங்கள். அட்டையில் அதன் இன்னொரு பெயரான பிஆர்41 என்றும் இருக்கலாம். கடிகாரக் கடையை விட்டுவிடுங்கள். காது மெஷின் விற்கும் இடம்தான் சரி. கோவைக்கு யாராவது இறங்கினால் இரண்டு மூன்று அட்டையாக வாங்கிவரச் சொல்லுங்கள், ஸ்டிக்கர் பிரிக்காதவரை வருடக்கணக்கில் கெடாது. பிரித்தபின் திரும்ப ஒட்டிப் பயனில்லை.

அப்புறம் நம்ம ஊர்க் குளிர். மார்கழிக் காலையில் இந்த பேட்டரி சோர்ந்துபோகும். ஸ்டிக்கரை உரித்து, இரண்டு மூன்று நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போடுங்கள். மிச்ச அட்டை அப்பாவின் சட்டைப்பையில் இருக்கட்டும். ஃபிரிட்ஜில் வேண்டாம், ஈரம் கோத்துவிடும்.

சரியான 312 போட்டும் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை என்றால் மெஷினைக் காட்டத்தான் வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தீர்ந்த பேட்டரியைக்கூட மேசையில் விடாதீர்கள். விழுங்கினால் பெரிய ஆபத்து.