விகாரைக்கு என்ன உடுத்திப் போவது?

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் அம்மாவுடன் அனுராதபுரம் போகிறேன். அங்குள்ள ஸ்ரீ மகாபோதி மரம், ருவன்வெலிசாய தூபி இரண்டுக்கும் என்ன உடுத்திப் போவது? அம்மாவுக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. நாற்காலி கேட்டால் தவறாக நினைப்பார்களா? இன்னொன்று: சிலையை வணங்கச் சொல்லாத புத்தருக்கு எதற்கு இத்தனை கட்டுப்பாடு?

க.

அன்புள்ள க.,

உடை எளிது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வருகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளையில் வருவார்கள், நீங்களும் அப்படியே போங்கள். செருப்பு, தொப்பி இரண்டையும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். மதியத்தில் கல்தளம் சுடும், காலையிலேயே போய்விடுங்கள். சரி, அது முடிந்தது.

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்குக் கோபமூட்டுகிறது. பூவோடு கண்மூடி உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் போய் இதைக் கேட்பீர்களா? எங்கோ படித்ததை வைத்துக்கொண்டு அவரைவிடப் புத்தரை அறிந்தவராக உங்களை நினைத்துக்கொள்கிறீர்கள். இருபத்தைந்து வயதில் நானும் அந்த நினைப்போடுதான் அங்கே போனேன். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டேன். 2012இல் புத்தர் சிலைக்கு முத்தமிடுவதுபோல் படம் எடுத்த பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்கு இலங்கையின் காலி நகர நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. எனக்கு வாய்த்தது வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பாட்டி. எழுந்து வந்தார், திட்டவில்லை. என் தோளைப் பிடித்துச் சிலையின் பக்கம் திருப்பிவிட்டு, தன் கையிலிருந்த தாமரைகளில் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். அதை எப்படி வைப்பதென்றுகூட எனக்குத் தெரியவில்லை. முன்னால் நின்றவரைப் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

அப்புறம் வெகுநாள் கழித்துத்தான் பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினயத்தைப் படித்தேன். அதில் சேகியம் எனப்படும் 75 நடத்தை விதிகளில் 16 விதிகள் தம்மம், அதாவது புத்தரின் போதனை, சொல்வதைப் பற்றியவை. குடை பிடித்திருப்பவருக்குச் சொல்லாதே, ஆயுதம் ஏந்தியவருக்குச் சொல்லாதே, செருப்பு போட்டவருக்கு, தலையை மூடியவருக்கு, படுத்திருப்பவருக்குச் சொல்லாதே. புத்தருக்குச் சிலை வடிக்கத் தொடங்குவதற்கு முந்தைய விதிகள் இவை. ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்கும்போது கேட்பவர் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் அவற்றின் கவலை. வாசலில் நீங்கள் செருப்பைக் கழற்றுவதும் கேட்க வந்தவராகத்தான்.

அந்தப் பதினாறு விதிகளிலும் ஒரு சொல் தவறாமல் வருகிறது: ‘நோயுறாத’. நோயுறாதவர் படுத்திருந்தால்தான் சொல்லக்கூடாது. நோயுற்றவர் படுத்தபடியே கேட்கலாம்.

அம்மாவுக்கு நாற்காலி கேளுங்கள்.