வெறும் சீரியல் நடிகைதான்

கேள்வி: கோனி சியூமே மறைவுக் குறிப்பில் ‘தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சி நடிகை’ என்று போட்டிருந்தீர்கள். ‘பிளாக் பாந்தர்’ படத்தில் நடித்து ஹாலிவுட் வரை போனவரை வெறும் சீரியல் நடிகையாகக் குறுக்கியது ஏன்? அத்தனை வருஷம் சீரியலில் இருந்தவருக்கு மறு ஒளிபரப்பிலேயே பணம் கொட்டியிருக்குமே?
— வாசகர் ஒருவர், பெரம்பலூர்

பதில்: ‘வெறும்’ என்ற சொல் உங்களுடையது. எங்கள் குறிப்பில் அது இல்லை.

‘பிளாக் பாந்தர்’ 2018 பிப்ரவரியில் வந்தது. அப்போது அவருக்கு வயது 65. படத்தில் வரும் கற்பனை நாடான வகாண்டாவின் அரசவையில் சுரங்கக் குலத்தின் மூத்தவராக உட்கார்ந்திருப்பாரே, செக்கச்செவேலென்ற சடைகளோடு, அவர்தான். வெண்ணெயில் காவிக்கல் பொடியைக் குழைத்துத் தலையில் பூசிக்கொள்ளும் நமீபியாவின் ஹிம்பா பெண்களைப் பார்த்து அமைத்த வேஷம் அது. சில காட்சிகள், சில வரிகள். 2022-இல் வந்த இரண்டாம் பாகத்திலும் அதே ஆசனம். உலகம் அவரைப் பார்த்த நேரத்தைக் கூட்டினால் சில நிமிஷங்கள்தான் தேறும். அவருடைய நாடு அவரை வாரத்துக்கு ஐந்து நாள், 13 வருஷம் பார்த்தது. இரண்டில் எதைச் சொல்லி அவரை அடையாளம் காட்டுவது?

பிறந்தது 1952 ஜூன் 5, வெல்கம் என்ற தங்கச் சுரங்க நகரத்தில். (ஆஃப்ரிகான்ஸ் மொழியில் அதற்கு ‘வருக’ என்று அர்த்தம், யாரை வரவேற்றார்கள் என்பது வேறு கதை.) அப்பா மலாவிக்காரர், அம்மா தென்னாப்பிரிக்காவின் ஸூலு இனத்தவர். படித்து டீச்சரானவர், அதை விட்டுவிட்டு 1970-களின் பிற்பகுதியில் கிரீஸ் நாட்டுக்குப் போய் மேடையில் ஆடிப் பாடினார். ஊரிலேயே நடித்திருக்கலாமே என்றால், அந்த நாட்டில் தொலைக்காட்சி வந்ததே 1976 ஜனவரியில்தான். அதுவும் ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ் இரண்டில் மட்டும். கறுப்பின மக்களின் மொழிகளுக்கென்று தனி அலைவரிசைகள் தொடங்க 1982 ஆயிற்று. அதற்கு முன் ஸூலு பேசும் நடிகைக்குச் சின்னத்திரையில் என்ன வேலை இருந்திருக்கும்? அவருக்குப் பேர் வாங்கித் தந்த முதல் பெரிய டிவி வேஷம் 1989-இல் கிடைத்தது, 37 வயதில். நம் கதாநாயகிகளை அண்ணியாக்கி உட்காரவைக்கும் வயது.

பிறகு ‘ஸோன் 14’. கால்பந்தைச் சுற்றி ஓடிய தொடர். அதில் ஸ்டெல்லா மொலோய் வேஷத்துக்காக 2009-இல் நாட்டின் திரை, தொலைக்காட்சி விருதான ஸாஃப்டா கிடைத்தது. அதற்குள் 2007-இல் இ-டிவி என்ற சேனலில் ‘ரிதம் சிட்டி’ தினசரித் தொடர் ஆரம்பித்துவிட்டது. அதில் மமொகெடே என்ற பாத்திரம். ஆரம்பித்தபோது வயது 55. 2020-இல் அதிலிருந்து வெளியே வந்து, அதே வருஷம் ‘கொமோரா’ தொடரில் மம்’சோன்டோ. கொமோரா என்பது ஜொகன்னஸ்பர்க்கின் அலெக்ஸாண்ட்ரா பகுதிக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர். நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் தகரக் கொட்டகைகள், அந்தப் பக்கம் கோடீஸ்வர சாண்டன். புருஷனைப் பறிகொடுத்து சாண்டன் பங்களாவை விட்டு வரும் மகள், அலெக்ஸாண்ட்ராவில் அம்மா வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். அந்த அம்மா வேஷம் இவருக்கு.

சரி, தினசரித் தொடர் என்றால் என்ன வேலை? அரை மணி நேர எபிசோடில் விளம்பரம் போகச் சுமார் 24 நிமிஷம். வாரத்துக்கு ஐந்து என்றால் 120 நிமிஷம், வருஷத்துக்குச் சுமார் 260 எபிசோடு. சினிமாவில் நாளுக்கு இரண்டு மூன்று நிமிஷக் காட்சி தேறினால் நல்ல நாள். இங்கே நாளொன்றுக்கு 24 நிமிஷம் எடுத்தால்தான் வண்டி ஓடும். அதனால் ஒரே செட்டில் மூன்று நான்கு கேமராவை ஒரே நேரத்தில் ஓடவிடுகிறார்கள். சமையலறை செட்டுக்கு விளக்கு வைத்துவிட்டால், நாலைந்து எபிசோடுக்கான சமையலறைக் காட்சிகள் முழுவதையும் அன்றைக்கே முடித்துவிடுவார்கள். பேரன் செத்ததற்கு அழும் காட்சி காலையில். அவன் உயிரோடு சாப்பிட வரும் காட்சி மத்தியானம். வயதான நடிகை தடுமாறுவது வசனத்தில் என்றுதான் எல்லோரும் நினைப்போம். வசனம் மறந்தால் இன்னொரு டேக் போதும். துக்கத்தின் அளவு மறந்தால் எந்த டேக்கும் காப்பாற்றாது. செவ்வாய்க்கிழமை எபிசோடில் எந்த அளவுக்கு உடைந்திருந்தோம் என்பதை நினைவில் வைத்து, புதன்கிழமை எபிசோடை அதிலிருந்து தொடர வேண்டும், நடுவில் வேறு பத்துக் காட்சி நடித்த பிறகு. புடவையையும் கைப்பையையும் கன்டினியூட்டி உதவியாளர் பார்த்துக்கொள்வார். (புடவை என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன், அங்கே தலையில் கட்டும் துணி.) துக்கத்தின் அளவை அந்த நடிகைதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிற்கும் இடமும் அப்படித்தான். தரையில் ஒட்டியிருக்கும் அடையாள டேப்பிலிருந்து அரை அடி தள்ளி நின்றால், எதிரே இருக்கும் நடிகரின் முகம் இரண்டாவது கேமராவில் மறைந்துபோகும், அல்லது மைக்கின் நிழல் நெற்றியில் விழும். குனிந்து டேப்பைப் பார்க்கவும் கூடாது. அனுபவசாலிகள் நாற்காலி முதுகையோ மேஜை விளிம்பையோ தொட்டு இடம் பிடிப்பார்கள். பார்க்கிறவனுக்கு அது கிழவி ஆதரவுக்குப் பிடித்துக்கொள்வதாகத் தெரியும்.

இதற்கெல்லாம் மேலே மொழி. தென்னாப்பிரிக்கத் தொடர்களின் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பாத்திரம் பேசும் மொழிக்கு மாற்றப்படுகிறது. பல நேரம் செட்டிலேயே, நடிகர் வாயாலேயே. ‘உட்காரும்மா’ என்பதற்கான ஆங்கில வரி தாளில் இருக்கும். ஸூலுவில் அது ‘ஹ்லாலா பான்ஸி, ம்ன்டனாமி’, செசோத்தோவில் ‘டுலா ஃபாட்ஷே, ங்வனாகா’. ஒரே வீட்டில் ஒருவர் ஸூலு, இன்னொருவர் செசோத்தோ பேசுவார், பாங்க் மானேஜரிடம் ஆங்கிலம். எல்லோருக்கும் எல்லாம் புரியும். கீழே ஆங்கில சப்டைட்டில் ஓடும். இங்கே சொதப்பினால் முதலில் அடிபடுவது கிழவி வேஷம்தான். ஆங்கிலத்தில் ‘சோன்டோ’ என்று எழுதியிருப்பதை இளைய நடிகர் அப்படியே சொன்னால் வீட்டிலிருக்கும் பாட்டிமார் டிவியைத் திட்டுவார்கள். ‘மம்’சோன்டோ’ என்றோ ‘கோகோ’, அதாவது பாட்டி, என்றோதான் கூப்பிட வேண்டும். ஸூலு மருமகள் மாமனார் பெயரின் அசையைக்கூட உச்சரிக்காமல் சொல்லை மாற்றிப் பேசும் மரபுக்கு ‘ஹ்லோனிபா’ என்று பெயர். புருஷன் பெயரைச் சொல்லாத நம் பாட்டிகளுக்கு விளக்கம் தேவைப்படாது. இந்த நுணுக்கமெல்லாம் தெரிந்த ஒரு மூத்த நடிகை செட்டில் இருந்தால், அவர்தான் சம்பளமில்லாத வசனகர்த்தா.

இனி, கொட்டிய பணத்துக்கு வருவோம். கோனி சியூமேவின் கணக்கு வழக்கு நமக்கு வேண்டாம். அந்தத் தொழிலின் கணக்கைப் பாருங்கள். அங்கே நடிகர் சட்டப்படி ‘ஊழியர்’ அல்ல, தனி ஒப்பந்தக்காரர். நடித்தால் கூலி. பென்ஷன் இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை, வேலையிழப்புக் காப்பீட்டு நிதியில் பங்கும் இல்லை. ஒப்பந்தத்தில் உரிமை மொத்தத்தையும் எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம், ஆகவே மறு ஒளிபரப்பு எத்தனை முறை ஓடினாலும் பெரும்பாலோருக்குச் செக் வருவதில்லை. 2014-இல் ‘ஜெனரேஷன்ஸ்’ தொடரின் 16 நடிகர்கள் இதைத்தான் கேட்டார்கள்: சம்பள உயர்வு, மூன்று வருஷ ஒப்பந்தம், மறு ஒளிபரப்பில் பங்கு. வேலைக்கு வராமல் நின்றார்கள். 16 பேரையும் நீக்கினார்கள். நாட்டிலேயே அதிகம் பார்க்கப்பட்ட தொடர் இரண்டு மாதம் நின்று, டிசம்பரில் புதுப்பெயரும் புதுமுகங்களுமாகத் திரும்பியது.

சட்டத்தை மாற்றலாமே? நடிகருக்கு ராயல்டி தரும் திருத்த மசோதா 2019-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2020 ஜூனில் ஜனாதிபதி திருப்பி அனுப்பினார். 2024 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றினார்கள். அதே வருஷம் அக்டோபரில் அவர் கையெழுத்துப் போடாமல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு அனுப்பினார். கோனி சியூமே அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்ட் 6 அன்று, 72 வயதில் ஜொகன்னஸ்பர்க்கில் காலமாகிவிட்டார்.

ஆக, ‘தொலைக்காட்சி நடிகை’ அப்படியே நிற்கும். வேறொரு தவறுக்குத் திருத்தம் போட வேண்டியிருக்கிறது, அதை நீங்கள் கவனிக்கவில்லை. குறிப்பின் கடைசி வரியில் ‘சியூம்’ என்று ஆங்கிலப் பாணியில் அச்சாகிவிட்டது. அது மலாவிப் பெயர். சி-யூ-மே.