ஸ்வீட் இட்ச் குதிரைக்கு எந்தப் போர்வை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்வீட் இட்ச் என்பது மிட்ஜ் என்ற சின்னஞ்சிறு பூச்சி கடிப்பதால் குதிரைக்கு வரும் அரிப்பு ஒவ்வாமை. இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் அதற்கான போர்வையைப் பற்றித்தான். பல கடிதங்களில் கேள்வி இருக்கிறது, குதிரையைப் பற்றிய விவரம் இல்லை. எழுதும்போது வயது, நீள அளவு, எந்த இடத்தில் தேய்க்கிறது, எந்த நேரம் வெளியே நிற்கிறது, இந்த நான்கையும் தயவுசெய்து எழுதுங்கள்.

கேள்வி: ஈக்களுக்காக வாங்கிய வலைப் போர்வை ஒன்று இருக்கிறது. அதையே போட்டால் போதாதா?

போதாது. அந்த வலை சாதாரண ஈக்கும் குதிரை ஈக்கும் நெய்தது. ஸ்வீட் இட்ச்சுக்குக் காரணமான மிட்ஜ் பூச்சியின் நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். சாதாரணக் கொசுவலையிலேயே நுழைந்துவிடும், உங்கள் ஈ வலைப் போர்வை அதற்குத் திறந்த கதவு. உள்ளே போன பூச்சியைக் குதிரையால் வாலால் விரட்டவும் முடியாது என்பதால், போர்வை இல்லாமல் இருப்பதைவிட மோசமாகக்கூடப் போகலாம். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால் வேண்டாம். வாயை ஒட்டி வைத்து ஊதிப் பாருங்கள், காற்று மறுபக்கம் வர வேண்டும். நெருக்கமான நெசவு, மெல்லிய துணி, காற்றோட்டம் மூன்றும் சேர்ந்திருப்பதுதான் ஸ்வீட் இட்ச் போர்வை. வயிற்று மறைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத போர்வை இந்த நோய்க்குப் பாதிப் போர்வை.

கேள்வி: என் குதிரை 15 கை (ஒரு கை என்பது 4 அங்குலம்) உயரம். எந்த சைஸ் வாங்குவது?

மாதம் தவறாமல் வரும் கேள்வி. உயரத்தைச் சொன்னால் போர்வையின் சைஸ் தெரியாது. ஒரே 15 கையில் குட்டையான முதுகும் பீப்பாய் வயிறுமாக ஒன்று நிற்கும், நீண்டு மெலிந்து இன்னொன்று நிற்கும். இரண்டுக்கும் போர்வை நீளத்தில் 3 அங்குலம், சில சமயம் 6 அங்குலம்கூட வித்தியாசம் வரும். போர்வைகள் 3 அங்குலத்துக்கு ஒரு சைஸாக வருவதால், கண்ணால் மதிப்பிட்டவர் ஒன்றிரண்டு சைஸ் தவறிவிடுகிறார்.

அளவுநாடாவை எடுங்கள். குதிரையைச் சமதரையில் நான்கு காலும் நேராக, தலை இயல்பான உயரத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள். கழுத்து மார்போடு சேரும் இடத்தின் நடுவில் நாடாவைப் பிடித்து, தோளின் புடைத்த பகுதி வழியாக, விலாவை ஒட்டிக் கிடையாகக் கொண்டுபோய், புட்டத்தின் பின்முனையில் நிறுத்துங்கள். நாடா தொங்கக் கூடாது. இன்னொருவர் உதவி வேண்டும். தனியாக அளந்த அளவை நம்பாதீர்கள்.

இனி வாங்கும் இடத்தில் மாட்டிக்கொள்ளும் கதை. சில தயாரிப்பாளர்கள் மார்பு முதல் புட்டம் வரை உள்ள நீளத்தைச் சைஸாகப் போடுகிறார்கள். வேறு சிலர் கழுத்தும் முதுகும் சேரும் தோள்மேட்டிலிருந்து வாலின் அடிவரை முதுகை மட்டும் சென்டிமீட்டரில் அளந்து போடுகிறார்கள். ஒரே குதிரைக்கு இந்த இரண்டு எண்ணுக்கும் ஏறத்தாழ அரை மீட்டர் வித்தியாசம். எந்தக் கணக்கு என்று படிக்காமல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர்கள்தான் “போர்வை சரியில்லை” என்று எழுதுகிறார்கள்.

“கொஞ்சம் பெரிசாகவே இருக்கட்டும்” என்ற நினைப்பு இதைவிட மோசம். மழைப் போர்வையிலேயே அது தொல்லை, இதில் உதவவே உதவாது. பெரிய போர்வை பின்னால் சறுக்கும். சறுக்கினால் முன்விளிம்பு தோள்முனையில் இறங்கி உட்கார்ந்து, ஒவ்வோர் அடிக்கும் உராயும். நான்கைந்து நாளில் அங்கே முடி உதிரும். ஏற்கெனவே அரிக்கிற குதிரை அந்த இடத்தையும் வேலியில் தேய்க்கத் தொடங்கும். கழுத்து உறைக்கும் கழுத்துக்கும் நடுவே இடைவெளி விழும், மிட்ஜ் அந்த வழியாக நேரே பிடரிக்குப் போகும். வயிற்றுப் பக்கம் தொங்கினால் படுத்து எழும்போது கால் மாட்டும். சிறியதானாலும் ஆபத்துதான்: தோள் இறுகும், குதிரை தலையைக் குனிந்தால் பிடரி இழுபடும்.

போட்ட பிறகு இப்படிச் சோதியுங்கள். முன்விளிம்பு தோள்மேட்டுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மார்புக் கொக்கியை மாட்டியபின் உள்ளே உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும், முஷ்டி நுழைந்தால் தளர்வு. வயிற்று மறைப்புக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கை அகலம் போதும். ஆண் குதிரை என்றால் மறைப்பு சிறுநீர் வரும் இடத்துக்கு முன்னாலேயே முடிகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் தினமும் நனைந்து நாறும். பிறகு தரையில் தீவனத்தை வைத்து, தலை குனிந்த நிலையில் மீண்டும் கழுத்தைப் பாருங்கள். நின்ற நிலையில் பொருந்துவது முக்கால் கணக்கு, மேயும் நிலையில் பொருந்துவதுதான் முழுக் கணக்கு. சைஸ் இரண்டுக்கும் நடுவே வந்தால், இழுபடும் துணியில் சிறியதையும், இழுபடாத துணியில் பெரியதையும் எடுங்கள்.

கேள்வி: பகல் முழுக்கப் போர்வையோடு நிற்கிறது. பாவமாக இருக்கிறதே என்று சாயங்காலம் கழற்றிவிடுகிறோம். ஆனாலும் சொறிகிறது.

சொறியத்தான் செய்யும். மிட்ஜ் அதிகம் கடிப்பது அந்தி மயங்கும் நேரத்திலும் விடியலிலும். சரியாக அந்த வேளையில் போர்வையைக் கழற்றியிருக்கிறீர்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால் நல்ல வெயிலும் காற்றும் உள்ள நண்பகலில் கழற்றுங்கள். மேகமூட்டமான, காற்றசையாத பகலில் அதுவும் வேண்டாம்.

கேள்வி: வெயில் 35 டிகிரியைத் தாண்டுகிறது. போர்வைக்குள் வெந்துவிடாதா?

கையை உள்ளே விட்டு, முன்காலுக்குப் பின்னால் விலாவைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் போர்வை அந்த வெயிலுக்கு அதிகம். வெளிர் நிறம், ஒற்றை அடுக்கு, உள்ளே சாட்டின் பட்டை தோளில் மட்டும், இப்படித் தேடுங்கள். பருத்தி வேர்வையை உறிஞ்சிக் கனத்துவிடும், பாலியெஸ்டர் நல்லது. அப்படியும் வேர்த்தால் பகலில் போர்வையில்லாமல் லாயத்தில் கட்டி, விசிறியை ஓடவிடுங்கள். மிட்ஜ் பறப்பதில் பலவீனமான பூச்சி, மணிக்கு 10 கிலோமீட்டர் காற்றிலேயே தடுமாறும். விசிறியின் வயர் குதிரையின் வாய்க்கு எட்டக் கூடாது.

கேள்வி: வரிக்குதிரைக் கோடு போட்ட போர்வை மிட்ஜை விரட்டுமா?

கோடுகளைக் கண்டு தடுமாறி இறங்காமல் போவதாகச் சோதனைகளில் தெரிந்தது குதிரை ஈ. மிட்ஜ் குதிரையின் மணத்தையும் மூச்சின் கரியமில வாயுவையும் பின்தொடர்ந்து வரும். துணியின் நெசவையும் பொருத்தத்தையும் பார்த்து வாங்குங்கள். கோடு இலவசமாக வந்தால் வரட்டும்.

கேள்வி: வாலின் அடியை மட்டும் தேய்க்கிறது. பிடரி நன்றாக இருக்கிறது. போர்வை வாங்கலாமா?

முதலில் ஊசிப்புழு இல்லை என்று உறுதி செய்யுங்கள். அதன் முட்டைகள் ஆசனவாயைச் சுற்றித் தோலில் ஒட்டிக்கொண்டு அரிப்பைத் தரும். சாதாரண லத்திப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரியாது. அந்த இடத்தில் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து மருத்துவரிடம் கொடுங்கள், அவர் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார். பேனும் ஒரு காரணமாக இருக்கலாம். புழுவுக்குப் போர்வை மருந்தல்ல.

கேள்வி: ஏற்கெனவே புண்ணாகிவிட்டது. ஆறிய பிறகு போடலாமா?

ஆறும்வரை காத்திருந்தால் ஆறவே ஆறாது, கடி தொடர்ந்துகொண்டே இருக்கும். புண்ணைக் கழுவி, ஒற்றி உலர்த்தி, சுத்தமான போர்வையைப் போட்டு, தினமும் மாற்றுங்கள். ஆகவே இரண்டு போர்வைகள் வேண்டும். மிட்ஜை விரட்டப் பூசும் பென்சைல் பென்சோயேட் மருந்து தோல் முழுசாக இருக்கும்போது பூசுவது, புண்ணில் பூசினால் எரியும். அரிப்பு அடங்க ஸ்டீராய்டு தருவதானால் மருத்துவர் முடிவு செய்யட்டும். குளம்பு அழற்சி முன்பு வந்த குதிரை என்றால் அதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: எப்போது போடத் தொடங்குவது?

தேய்க்கத் தொடங்கும் முன். இது பூச்சியின் எச்சிலுக்கு உடல் காட்டும் ஒவ்வாமை. ஒருமுறை கிளம்பினால் அந்தப் பருவம் முழுக்க அடக்குவது கடினம். குளிர்காலம் உள்ள இடங்களில் வெப்பம் 10 டிகிரியைத் தாண்டத் தொடங்கியதுமே போர்வை வெளியே வந்துவிட வேண்டும். ஆண்டு முழுக்கச் சூடான இடங்களில் ஆண்டு முழுக்கத்தான்.

கேள்வி: ஆறு வயதுவரை ஒன்றுமில்லை. வேறு நாட்டிலிருந்து வந்த பிறகு ஆரம்பித்துவிட்டது.

வழக்கம்தான். குதிரையைக் கடிக்கும் மிட்ஜ் இனங்கள் வெகுகாலமாக இல்லாத ஐஸ்லாந்தில் வளர்ந்து, பிறகு வெளியே போன குதிரைகளில் இது மிக அதிகம். குட்டியிலிருந்து கடிபட்டுப் பழகிய குதிரைகளுக்கு அவ்வளவு வருவதில்லை. இப்போது செய்யக்கூடியது போர்வையும் இடமாற்றமும்தான். தேங்கிய தண்ணீர், சேறு, லத்திக் குவியல் இவற்றிலிருந்து தள்ளி, காற்றடிக்கும் மேட்டில் மேய விடுங்கள்.

கேள்வி: போர்வை மேல் பெர்மெத்ரின் பூச்சிக்கொல்லி தெளிக்கலாமா? வீட்டில் பூனையும் இருக்கிறது.

பூனை இருக்கிறது என்பதைக் கடைசி வரியில் எழுதுகிறீர்கள்! அதுதான் முதல் வரி. பெர்மெத்ரின் பூனைக்கும் மீனுக்கும் நஞ்சு. குதிரைக்கு என்று அங்கீகரித்த தயாரிப்பை, போர்வையைக் கழற்றி, வெளிப்புறத்தில் மட்டும் தெளித்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். பூனை அந்தப் பக்கம் வரக் கூடாது, தெளித்த கலத்தைக் குளத்தில் கழுவக் கூடாது. தெளித்ததை நம்பி வயிற்று மறைப்பை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: துவைப்பது எப்படி?

முதலில் முடியையும் மண்ணையும் காய்ந்த பிரஷால் தட்டுங்கள். மணமில்லாத சோப்பு, 30 டிகிரி தண்ணீர், இரண்டு முறை அலசல். கண்டிஷனர் வேண்டாம், அதன் மிச்சம் தோலை உறுத்தும். நிழலில் உலர்த்துங்கள். வெல்க்ரோவை மூடிவிட்டுத் துவைக்காவிட்டால் அதுவே துணியைக் கிழிக்கும்.

கேள்வி: கூட மேயும் குதிரை போர்வையைக் கடித்து ஓட்டை போடுகிறது. ஒரு சென்டிமீட்டர் ஓட்டைதான், பரவாயில்லையா?

ஒரு மில்லிமீட்டர் பூச்சிக்கு அது வாசல். அன்றைக்கே தையுங்கள், தைக்க முடியாவிட்டால் அதே துணியில் ஒட்டுப் போடுங்கள். தினம் ஒருமுறை போர்வையைக் கழற்றி, தோள், தோள்மேடு, வயிற்றுக்கோடு மூன்றையும் பாருங்கள். முள்கம்பி வேலியுள்ள இடத்தில் போர்வையோடு விடவே வேண்டாம்.

கேள்வி: பெண் குதிரைக்கு ஸ்வீட் இட்ச். நல்ல குணம். ஒரு குட்டி எடுக்கலாமா?

வேண்டாம். இது வரும் தன்மை பரம்பரையாகக் குட்டிக்கும் போகக்கூடியது.