குடம் அதே குடம்தான்: கேபிள் இணையம் பற்றிய கேள்வி பதில்

கேபிள் இணைய இணைப்புகளைப் பழுது பார்ப்பதே பல வருடங்களாக என் பிழைப்பு. கம்பத்தில் ஏறியதும் உண்டு, கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்ததும் உண்டு. வேகம், மாத வரம்பு (மாதத்துக்கு இவ்வளவு தரவுதான் என்ற அளவு), பதிவேற்றம் என்ற மூன்றையும் பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் நிறுவனம் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகத்தை 300 ஆக உயர்த்தியிருக்கிறது. கட்டணம் ஏறவில்லை. மாத வரம்பு மட்டும் அதே 1 டெராபைட். சந்தோஷப்படலாமா ஐயா?

பதில்: பாதி சந்தோஷப்படுங்கள். முழு வேகத்தில் ஓடவிட்டால் 100 எம்பிபிஎஸ் இணைப்பு 1 டெராபைட்டைத் தீர்க்க 22 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 300 எம்பிபிஎஸ்ஸில் ஏழரை மணி நேரம்கூடத் தேவையில்லை. 1,000 எம்பிபிஎஸ் வாங்கினால் 2 மணி 13 நிமிடம். குழாயின் வாய்தான் பெரிதாகிறது, குடம் அதே குடம்தான். 1 டெராபைட்டை 30 நாளுக்குச் சமமாகப் பிரித்தால் நொடிக்குச் சராசரி 3 மெகாபிட்தான் வரும். விளம்பரத்தில் 300 என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் இந்த 3-ஐ எங்கும் போடமாட்டார்கள்.

யாரும் நாள் முழுக்க முழு வேகத்தில் இறக்குவதில்லை என்பது உண்மை. வேகம் கூடியதால் ஒரு படத்தின் அளவு கூடிவிடாது. ஆனால் வேகத்தைக் கண்டதும் காணொளிச் செயலிகள் தாமாகவே உயர்ந்த தரத்துக்குத் தாவும். நேற்று வரை வீட்டில் பலர் வேகத்தைப் பங்குபோட்டதால் சாதாரணத் தரத்தில் ஓடிய அதே தொடர் இன்று 4கே-யில் ஓடலாம். நீங்கள் எதையும் மாற்றவில்லை, கணக்கு மட்டும் ஏறும்.

கேள்வி: பதிவிறக்கம் 300 கிடைக்கிறது, பதிவேற்றம் 10 தான். இரண்டும் ஒரே கம்பியில்தானே போகின்றன? வேண்டுமென்றே குறைக்கிறார்களா?

பதில்: கம்பி ஒன்றுதான், அதற்குள் பாதைகள் வேறு. இந்தக் கம்பியைப் போட்டது தொலைக்காட்சிக்காக. நிலையத்திலிருந்து நிகழ்ச்சி வீட்டுக்கு வரவேண்டும், வீட்டிலிருந்து எதுவும் திரும்பிப் போகவேண்டியதில்லை என்பதுதான் அன்றைய கணக்கு. அதனால் கீழே, அதாவது வீட்டுக்கு, வரும் அலைவரிசைக்கு வட அமெரிக்காவில் 54 மெகாஹெர்ட்ஸிலிருந்து பல நூறு மெகாஹெர்ட்ஸ் வரை தாராளமாக ஒதுக்கினார்கள். மேலே போவதற்கு அங்கே 5 முதல் 42 வரை, ஐரோப்பாவில் 5 முதல் 65 வரை. 1997-இல் டாக்சிஸ் என்ற கேபிள் மோடம் தரம் வந்தபோது இந்தப் பங்கீட்டை அப்படியே ஏற்றுக்கொண்டது. எட்டு வழிச்சாலையின் ஓரத்தில் ஒற்றையடிப் பாதை போட்டுக் கொடுத்ததுபோல.

அந்த ஒற்றையடிப் பாதையும் சுத்தமான இடமாக இல்லை. சிற்றலை வானொலி, மோட்டார்களின் பொறி, மலிவான மின் அடாப்டர்கள் எல்லாம் இரைச்சல் கிளப்பும் பகுதி அதுதான். கீழே வரும் சமிக்ஞை ஓரிடத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் பிரிகிறது. மேலே போவது எல்லா வீட்டிலிருந்தும் ஓரிடத்தில் வந்து சேர்கிறது. ஒவ்வொரு வீட்டின் இரைச்சலும் புனலில் ஊற்றியதுபோல் ஒன்றாகக் கூடும். இதனால் ஒரு வரம்புக்கு மேல் வேகத்தைத் திணிக்க முடியாது.

ஆக, வேண்டுமென்றே குறைக்கவில்லை. அதை மாற்றப் பல வருடங்களாக அவசரப்படவும் இல்லை. இரண்டாவதற்குத்தான் எனக்குக் கோபம்.

கேள்வி: எங்கள் தெருவில் இரவு எட்டு மணியானால் பதிவேற்றம் செத்துவிடுகிறது. பதிவிறக்கம் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. பத்தரைக்குச் சரியாகிவிடுகிறது. புகார் கொடுத்தால் பகலில் ஆள் வந்து "எல்லாம் சரி" என்று எழுதிவிட்டுப் போகிறார்.

பதில்: பகலில் வந்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இரவு எட்டரைக்கு வரச் சொல்லுங்கள்.

இதே போன்ற ஒரு தெருவில் நான் மூன்று இரவுகள் அலைந்திருக்கிறேன். இரைச்சலைத் தேடுவது ஆற்றின் மூலத்தைத் தேடுவதுபோல. தெருவில் சமிக்ஞையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்தக் கிளையிலிருந்து வருகிறது என்று மீட்டரில் பார்த்து, அந்தக் கிளையில் அடுத்ததுக்கு நடக்கவேண்டும். மூன்றாம் இரவு ஒரு வீட்டு வாசலில் போய் நின்றது. உள்ளே ஓர் அம்மா சாப்பாட்டுக்குப் பிறகு தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மிதியை அழுத்தும்போதெல்லாம் மீட்டரில் கோடு எகிறியது. விட்டால் இறங்கியது. இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. அலமாரிக்குப் பின்னால் கேபிளின் திருகு முனை விரலால் சுற்றியபடியே விடப்பட்டிருந்தது. வெளிக்கவசம் சரியாகத் தொடவில்லை. அந்த இடைவெளி வழியாக மோட்டாரின் இரைச்சல் கம்பிக்குள் புகுந்து தெரு முழுக்கப் போயிருக்கிறது. 11 மில்லிமீட்டர் ஸ்பானரால் கால் சுற்று இறுக்கினேன். அந்த அம்மா, "இதற்காகவா மூன்று நாள்?" என்று கேட்டார். அதற்காகத்தான்.

உங்கள் வீட்டில் சுவரில், மோடத்தில், பிரிப்பானில் (ஒரு கேபிளைப் பலவாகப் பிரிக்கும் சிறு பெட்டி) இருக்கும் எல்லாத் திருகு முனைகளையும் முதலில் இறுக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால் நேரத்தைக் குறித்து எழுதிக் கொடுங்கள். மாலை நேர நெரிசலாகவும் இருக்கலாம். ஆனால் நெரிசல் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். சுவிட்ச் போட்டதுபோல் வந்து போனால் இரைச்சலைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கோப்பு இறங்கும்போது 12 தான் காட்டுகிறது!

பதில்: அவர்கள் சொன்னது மெகாபிட், கணினி காட்டுவது மெகாபைட். எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

கேள்வி: வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். மகள் புகைப்படங்களை மேகச் சேமிப்பில் ஏற்றத் தொடங்கினால் போதும், கூட்டத்தில் என் குரல் துண்டு துண்டாகப் போகிறது என்கிறார்கள். கூட்டத்துக்கு 3 எம்பிபிஎஸ் போதும் என்கிறார்களே, எனக்குப் பதிவேற்றம் 5 இருக்கிறதே?

பதில்: அகலத்தைவிட இங்கே வரிசைதான் பிரச்சினை. மோடத்துக்குள் ஒரு காத்திருப்பு அறை உண்டு. அதில் 1 மெகாபைட் கொள்ளும் என்று வையுங்கள். மகளின் புகைப்படங்கள் அதை நிரப்பிவிட்டால், உங்கள் குரல் கடைசியில் போய் நிற்கும். 5 எம்பிபிஎஸ்ஸில் அந்த 1 மெகாபைட் வெளியேற 1.6 நொடி ஆகும். நீங்கள் "வணக்கம்" சொன்னது எதிரில் இருப்பவருக்கு ஒன்றரை நொடி கழித்துப் போனால் பேச்சு எப்படி நடக்கும்? பொறியாளர் ஜிம் கெட்டிஸ் இதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்துப் பரவலாகப் பேசவைத்தார்.

சோதிப்பது எளிது. எதுவும் ஓடாதபோது ஒரு முறை பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம்) பாருங்கள். மகளை ஏற்றச் சொல்லிவிட்டு மறுபடியும் பாருங்கள். 20 மில்லிநொடி 800 ஆகிவிட்டால் நோய் இதுதான்.

மருந்தும் உண்டு. எஸ்கியூஎம் என்ற, வரிசையைச் சீராக நிர்வகிக்கும் வசதி உள்ள ரவுட்டரை வாங்கி, பதிவேற்ற வேகத்தை உண்மையில் கிடைப்பதில் 90 விழுக்காடாக அமைத்துவிடுங்கள். வரிசை மோடத்தில் நிற்காமல் ரவுட்டரில் நிற்கும். எஃப்கியூ-கோடெல், கேக் போன்ற முறைகள் அங்கே ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை போட்டு மாற்றி மாற்றி அனுப்பும். பத்து விழுக்காடு வேகத்தைக் கொடுத்து நிம்மதியை வாங்குகிறீர்கள். என் வீட்டில் இதை வைத்த பிறகு, வேகத்தைக் கூட்டும் யோசனையையே கைவிட்டேன்.

கேள்வி: போன மாதம் 900 ஜிபி செலவாகியிருக்கிறது. வீட்டில் வயதான நாங்கள் இருவர்தான். படம்கூடப் பார்ப்பதில்லை. யாராவது வைஃபையைத் திருடுகிறார்களா?

பதில்: திருட்டு என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: வாசலில் கேமரா வைத்திருக்கிறீர்களா?

(அவரே மீண்டும்): ஆமாம், மகன் வந்தபோது ஒன்று மாட்டிவிட்டுப் போனான். அவனும் அங்கிருந்தே பார்க்கிறான்.

பதில்: கிடைத்துவிட்டது. 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இரவு பகலாகக் காணொளியை இணையத்துக்கு அனுப்பும் கேமரா, நாளைக்கு 21.6 ஜிபி ஏற்றும். 30 நாளில் 648 ஜிபி. பெரும்பாலான வரம்புகள் ஏறுவதையும் இறங்குவதையும் சேர்த்தே எண்ணுகின்றன. கேமராவின் அமைப்பில் 'அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு' என்று மாற்றச் சொல்லுங்கள், அல்லது உள்ளேயே நினைவக அட்டை போடுங்கள். வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள், அதில் நஷ்டமில்லை.

கேள்வி: நெரிசலைத் தடுக்கத்தான் மாத வரம்பு என்று வாடிக்கையாளர் சேவையில் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நெரிசல் மாலை ஏழிலிருந்து பதினொன்று வரை. வரம்பு மாதம் முழுக்க. விடியற்காலை மூன்று மணிக்குக் காலியாகக் கிடக்கும் கம்பியில் நீங்கள் இறக்கிய 50 ஜிபியும் அதே கணக்கில்தான் ஏறுகிறது. அதனால் யாருக்கு என்ன நெரிசல்? நெரிசல்தான் கவலை என்றால் நெரிசல் நேரத்தைத் தனியாகக் கணக்கிட்டிருப்பார்கள்.

அமெரிக்காவில் காம்காஸ்ட் 2008 அக்டோபரில் 250 ஜிபி வரம்பு கொண்டுவந்தது. 2012-இல் நிறுத்திவைத்தது, பிறகு அளவைக் கூட்டித் திரும்பக் கொண்டுவந்தது. 2020 மார்ச்சில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து, இணையத்தை முன்னெப்போதும் இல்லாத அளவு பயன்படுத்தத் தொடங்கியபோது, அதே நிறுவனம் வரம்பைச் சில மாதங்களுக்குத் தூக்கிவிட்டது. வலையமைப்பு விழுந்துவிடவில்லை. நெரிசலுக்காகத்தான் வரம்பு என்றால், அன்றுதானே அது மிகவும் தேவைப்பட்டிருக்கும்?

நிறுவனத்தின் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். ஒரு சிலர் மற்றவர்களைவிடப் பல மடங்கு பயன்படுத்துவது உண்மைதான். அவர்களிடம் கூடுதலாக வாங்குவது அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது விலை நிர்ணயம். அதைப் பொறியியல் என்று சொல்லி விற்கவேண்டாம்.

கேள்வி: நான் ஏற்றுவதே இல்லை, இறக்குவது மட்டும்தான். பதிவேற்றம் குறைவாக இருந்தால் எனக்கென்ன?

பதில்: இறக்குவதற்கும் ஏற்றவேண்டும். தரவு சிறு சிறு பொட்டலங்களாகத்தான் வரும். வந்து சேர்ந்த பொட்டலங்களுக்கு உங்கள் கணினி "கிடைத்தது, கிடைத்தது" என்று ரசீது அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டு பொட்டலத்துக்கு ஒரு ரசீது என்று வைத்தாலும், 1,000 எம்பிபிஎஸ்ஸில் இறக்கும்போது நொடிக்கு 40,000-க்கும் மேல் ரசீது. அவற்றுக்கே சுமார் 20 எம்பிபிஎஸ் பதிவேற்றம் வேண்டும். கேபிள் மோடங்கள் பழைய ரசீதுகளை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் அனுப்பிச் சமாளிக்கின்றன. அந்தத் தந்திரம் இல்லாவிட்டால் 1,000-க்கு 20 என்று விற்கவே முடியாது.

கேள்வி: டாக்சிஸ் 3.1 மோடம் வாங்கினால் பதிவேற்றம் கூடுமா அண்ணா?

பதில்: தெருவில் இருக்கும் கருவிகள் மாறாமல் உங்கள் மேசையில் இருப்பது மட்டும் மாறினால் வேகம் பெரிதாக ஏறாது. மேலே போகும் பாதையின் 42 மெகாஹெர்ட்ஸ் எல்லையை 85-க்கோ 204-க்கோ நகர்த்தவேண்டும். அதற்கு வழியில் உள்ள ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரிலும் வடிகட்டியை மாற்றவேண்டும். செலவும் உழைப்பும் அங்கேதான். 2020-இல் வெளியான டாக்சிஸ் 4.0 தரம் பதிவேற்றத்தில் 6 ஜிபிபிஎஸ் (6,000 எம்பிபிஎஸ்) வரை இடம் கொடுக்கிறது. தாளில் இருப்பது தெருவுக்கு வரக் காலமாகும். "எங்கள் பகுதியில் மேல்நோக்கிய எல்லை எத்தனை மெகாஹெர்ட்ஸ்?" என்று கேளுங்கள். பதில் தெரிந்தவரிடம் போன் போய்ச் சேரும்வரை பொறுமையாக இருங்கள்.

கேள்வி: மூன்று பிரிப்பான் தாண்டித்தான் என் மோடத்துக்குக் கேபிள் வருகிறது. பரவாயில்லையா?

பதில்: ஒவ்வொரு இருவழிப் பிரிப்பானும் சமிக்ஞையின் வலிமையில் சுமார் 3.5 டெசிபல் தின்னும். மூன்று சேர்ந்தால் பத்துக்கு மேல். அதை ஈடுகட்ட மோடம் கத்தவேண்டும். உலாவியில் திறக்கும் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் மேல்நோக்கிய திறன் 50 டிபிஎம்வி-ஐ (சமிக்ஞை வலிமையின் அலகு) நெருங்கினால் அது தொண்டை கிழியக் கத்துகிறது என்று பொருள். முதல் பிரிப்பானிலிருந்தே மோடத்துக்குத் தனிக் கம்பி இழுங்கள்.

கேள்வி: இருபது வருடப் புகைப்படமும் காணொளியும் 2 டெராபைட் இருக்கிறது. மேகச் சேமிப்பில் ஏற்றவேண்டும். பதிவேற்றம் 10 எம்பிபிஎஸ், வரம்பு 1 டெராபைட். எத்தனை நாளாகும்?

பதில்: வேறு எதற்கும் தொடாமல், இடைவிடாமல் ஏற்றினால் பதினெட்டரை நாள். ஆனால் வரம்பு பாதி வழியில் முடிந்துவிடும். வீட்டுச் செலவுக்கு 500 ஜிபி ஒதுக்கி, மீதியில் ஏற்றினால் நான்கு மாதம். காப்புச் செயலியில் வேகத்தை 6 எம்பிபிஎஸ்ஸுக்குக் கட்டி, இரவு பதினொன்றிலிருந்து காலை ஆறு வரை என்று நேரம் வைத்துவிடுங்கள். ஓர் இரவுக்கு ஏறத்தாழ 19 ஜிபி போகும், மாதம் 570. அந்த 500-ஐத் தாண்டுகிறதே என்றால் வாரத்துக்கு ஓர் இரவு ஓய்வு கொடுங்கள். அதற்கிடையில் வெளி வன்தட்டு ஒன்றில் முழுப் பிரதி எடுத்து உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள். அது ஒரு நாள் வேலை, வரம்பும் கிடையாது.

நான்கு மாதத்துக்குள் புதிய புகைப்படங்கள் சேர்ந்துவிடுமே என்று கேட்பீர்கள். சேரும்.