வாட்ஸ்அப்பில் பேசி முடித்த நூல் ஆர்டர்: மில் கைவிரித்தால்?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். போன மாதம் 27ஆம் தேதி ஒரு மில்லின் சேல்ஸ் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில், "கிலோ 260, 5 டன், 5ஆம் தேதிக்குள்ள எங்க குடோனுக்கு வரணும், 30 நாள் கிரெடிட், ஓகேங்களா?" என்று கேட்டேன். "15 நாள் கிரெடிட்னா அனுப்பறேங்க" என்றார். "சரிங்க, அனுப்பி விடுங்க" என்றேன். கட்டைவிரல் எமோஜி போட்டார். 1ஆம் தேதி நூல் விலை ஏறியதும், "பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) இல்லை, அட்வான்ஸ் இல்லை, எமோஜி போட்டது பார்த்துட்டேன்னு சொல்லத்தான்" என்கிறார்கள். வேறு மில்லில் 290க்கு வாங்கிவிட்டேன். நஷ்டத்தைக் கேட்க முடியுமா?

பதில்: முடியும். அந்த எமோஜிக்கு என்ன அர்த்தம் என்ற சண்டைக்குள் நீங்கள் போகவே வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 7ஆம் பிரிவுப்படி, சம்மதம் நிபந்தனை இல்லாமல் முழுமையாக இருக்க வேண்டும். 15 நாள் என்று மேனேஜர் மாற்றியதும் உங்கள் கோரிக்கை விழுந்துவிட்டது. அவர் சொன்னது புதிய கோரிக்கை. அதை ஏற்றவர் நீங்கள். உங்கள் "சரிங்க" அவருக்குப் போய்ச் சேர்ந்தபோதே ஒப்பந்தம் உருவாகிவிட்டது. அதன் பிறகு வந்த கட்டைவிரல், அவர் அதைப் பார்த்தார் என்பதற்குச் சாட்சி. மில் சொல்லும் விளக்கமே உங்களுக்குச் சாதகம்!

பி.ஓ., கையெழுத்து, அட்வான்ஸ் எதுவும் கட்டாயமில்லை. மின்னணு முறையில் ஏற்பட்டது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. டிரைமெக்ஸ் - வேதாந்தா வழக்கில் (2010) மின்னஞ்சலிலேயே பேசி முடித்த பாக்சைட் ஒப்பந்தத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. மேனேஜருக்கு அதிகாரமில்லை என்று மில் சொல்லக்கூடும். முன்பு அதே நம்பரில் ஆர்டர் சொல்லிச் சரக்கு வந்த இன்வாய்ஸ்களைத் தேடி எடுத்து வையுங்கள்.

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் உங்கள் போனில்தான் இருக்கிறது. அந்த உரையாடலில் ஒரு வரியையும் அழிக்காதீர்கள். மெசேஜ் தானாக மறையும் வசதி இருந்தால் இன்றே நிறுத்துங்கள். போனை மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் கொடுத்தால் போதாது. சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் நீங்களும் மறு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும்.

தொகைக்கு வருவோம். ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவுப்படி விலை வித்தியாசம் கிலோவுக்கு 30, மொத்தம் 1,50,000 ரூபாய். டெலிவரி தர வேண்டிய நாளின் சந்தை விலைதான் அளவு என்பதால், 290 அன்றைய விலைதான் என்று காட்ட மற்ற மில்களின் ரேட் விவரத்தையும் சேர்த்து வையுங்கள். காத்திருக்காமல் வெளியே வாங்கியது நல்ல காரியம். நஷ்டத்தைக் குறைக்க முயன்றீர்களா என்று கோர்ட் பார்க்கும். இதனால் ஏற்றுமதி ஆர்டர் ஏதாவது ரத்தாகியிருந்தால், அந்த ஷிப்மென்ட் பற்றி ஒப்பந்தத்துக்கு முன்பே மில்லுக்குச் சொல்லியிருந்தால்தான் அந்த நஷ்டத்தையும் கேட்கலாம்.

முதலில் வக்கீல் நோட்டீஸ். குடோனில் டெலிவரி என்று பேசியதால் திருப்பூரிலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கேட்கும் தொகை மூன்று லட்சத்தைத் தொட்டால் அது வணிக வழக்கு. அப்படியானால், அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத பட்சத்தில் முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை மேனேஜர் சமாதானம் பேசினால், "பரவாயில்லை, விடுங்க" என்று மட்டும் பதில் போட்டுவிடாதீர்கள்.