வீட்டில் போட்ட ஜெல் நெயில் ஆர்ட்டுக்கு வக்கீல் நோட்டீஸ்

கேள்வி: கோவையில் என் வீட்டு முன்னறையில் ஜெல் நெயில் ஆர்ட் செய்துகொடுக்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்குப் பத்து விரலுக்கும் பூ டிசைன் போட்டு, ஜிபேயில் ரூ.1,200 வாங்கினேன். மூன்றாம் நாள் நகத்தைச் சுற்றி அரிப்பும் கொப்புளமுமாகப் படம் அனுப்பினார். பதறிப்போய் "ஸாரி அக்கா, என் தப்புதான்" என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன். இப்போது 15 நாளில் ரூ.2 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. எனக்குக் கடையும் இல்லை, பில்லும் கொடுக்கவில்லை. நுகர்வோர் சட்டம் எனக்குப் பொருந்துமா? அந்த மெசேஜை அழித்துவிடலாமா?

பதில்: அழிக்காதீர்கள். அவரிடம் ஸ்கிரீன்ஷாட் நிச்சயம் இருக்கும். உங்கள் போனில் மட்டும் அது காணாமல் போனால், ஆதாரத்தை மறைத்தீர்கள் என்ற பேச்சுதான் மிஞ்சும். பதற்றத்தில் எழுதிய ஒரு வரி வழக்கை முடித்துவிடாது. அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் எழுதியவற்றோடு சேர்த்துத்தான் அது படிக்கப்படும். முழு உரையாடலையும் தேதியோடு ஏற்றுமதி செய்து, மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்களுக்குப் பொருந்தும். அந்தச் சட்டம் கடையா, வீடா என்று பார்ப்பதில்லை; பணம் வாங்கிக்கொண்டு சேவை கொடுத்தீர்களா என்றுதான் பார்க்கிறது. இலவசமாகச் செய்த வேலைக்கு விலக்கு உண்டு. பில் இல்லாவிட்டாலும் ஜிபே பதிவு போதும். பில் கொடுக்காதது உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

ஆனால் ரூ.2 லட்சம் என்று எழுதிவிட்டதாலேயே அது கிடைத்துவிடாது. சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது. மருத்துவர் சீட்டு, மருந்து பில், வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு எல்லாம் அவர் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கொப்புளம் உங்கள் கை வேலையால் வந்ததா என்ற கேள்வி இருக்கிறது. வழக்கு நிற்பதும் விழுவதும் அங்கேதான்.

அன்றைக்கு மேஜையில் நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். ஜெல் பாலிஷில் இருக்கும் ஹெமா (HEMA) போன்ற அக்ரிலேட் வேதிப்பொருட்கள், லேம்ப் வெளிச்சத்தில் இறுகுவதற்கு முன் தோலில் பட்டால் ஒவ்வாமையைத் தூண்டக்கூடும். பேஸ் கோட் (முதல் பூச்சு) நகக்கண்ணில் வழிந்ததா? வழிந்ததை லேம்ப்புக்குள் கை வைக்கும் முன் துடைத்தீர்களா, பிறகா? பூ இதழுக்காக நிறத்தைத் தடிமனாக வைத்தால் மேல்பகுதி மட்டும் இறுகி, அடியில் ஈரம் தங்கும். லேம்ப் அந்த ஜெல்லுக்கு ஏற்றதா, குப்பியில் போட்டிருக்கும் நேரம் முழுக்க வைத்தீர்களா? தவறு நடந்திருந்தால் "நடக்கவே இல்லை" என்று பதில் நோட்டீஸில் எழுதாதீர்கள். குறுக்கு விசாரணையில் அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். எது உண்மையோ அதைச் சொல்லி, தொகையை மறுங்கள்.

அடுத்தது குப்பி. இறக்குமதியான அழகுசாதனப் பொருளின் லேபிளில், பதிவுச் சான்றிதழ் எண்ணும் அதை வைத்திருப்பவரின் பெயர், முகவரியும் இருக்க வேண்டும் என்கின்றன அழகுசாதன விதிகள், 2020. வெளிநாட்டு எழுத்து மட்டுமே உள்ள குப்பி என்றால் உங்கள் நிலை பலவீனம்தான். லேபிள் சரியாக இருந்து, சொன்னபடி பயன்படுத்தியும் பாதிப்பு வந்திருந்தால், தயாரிப்பாளரையும் விற்றவரையும் வழக்கில் சேர்க்கக் கேட்கலாம். லேபிளை நாலு பக்கமும் படமெடுத்து, வாங்கிய ஆர்டர் விவரத்தோடு வையுங்கள். ஜெல்லில் கலந்துள்ள பொருட்களின் பெயர்ப் பட்டியலை அந்த வாடிக்கையாளருக்கும் இப்போதே அனுப்புங்கள். பல் அடைப்புக்கான சில பசைகளிலும் ஹெமா உண்டு. எதற்கு ஒவ்வாமை என்று அவருடைய மருத்துவருக்குத் தெரிய வேண்டும். வழக்கு இருக்கிறதே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நோட்டீஸில் உள்ள 15 நாள் கெடு அந்த வக்கீல் வைத்தது. அது தாண்டினால் நீங்கள் தோற்றதாக ஆகாது. ஆனாலும் பேசாமல் இருப்பது சந்தேகத்தை வளர்க்கும். ஒரு வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். உண்மையான கெடு பிறகு வரும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலிருந்து புகார் நகலோடு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிலுரை தர வேண்டும்; மேலும் 15 நாள் வரை ஆணையம் நீட்டிக்கலாம். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020இல் சொல்லிவிட்டது. நல்ல வாதம் இருந்தும் இந்தக் கெடுவைத் தவறவிட்டுக் கோட்டை விடுகிறவர்கள் உண்டு.

என் அபிப்பிராயம்: நகக்கண்ணில் ஜெல் வழிந்தது உண்மையானால், மருத்துவச் செலவையும் ரூ.1,200ஐயும் கொடுத்துச் சமரசம் பேசுங்கள். வங்கி வழியாக மட்டும் பணம் அனுப்புங்கள். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி இது தொடர்பாகக் கோரிக்கை இல்லை" என்று அவர் கையெழுத்திட வேண்டும். பேச்சுவார்த்தைக் கடிதங்களின் தலையில் "உரிமைகளுக்குப் பாதகமின்றி" (சமரசம் பேசியதைத் தவறை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பொருள்) என்று எழுதுங்கள்.

இனி வருபவர்களிடம், முன்பு ஜெல், அக்ரிலிக், பல் சிகிச்சை எதிலாவது ஒவ்வாமை வந்ததா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலேயே எழுதி வாங்குங்கள். சோதித்துப் பார்க்கிறேன் என்று ஈர ஜெல்லைத் தோலில் தடவாதீர்கள். ஒவ்வாமை அங்கிருந்தே தொடங்கலாம்.

புகார் கொடுக்க அவருக்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு. சமரசம் ஆகாதவரை அந்தக் குப்பியையும் லேம்ப்பையும் ஒரு கவரில் போட்டு ஒட்டி, தேதி எழுதிப் பத்திரமாக வையுங்கள்.